வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: சர்க்கரை நோயும் காப்பீட்டு அட்டையும்

சர்க்கரை நோய்க்கு ஆகும் செலவைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்காகப் பிரித்தெடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் கேட்டுக்கொண்டபடி வெளியிடவில்லை.

கேள்வி: என் கணவர் கொத்தனார். ஒன்பது வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. தனியார் கிளினிக்கில் மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்குமாக மாதம் 1,500 ரூபாய் வரை ஆகிறது. எங்களிடம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறது. அதைக் காட்டினால், "இது மாத்திரைக்குச் செல்லாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 5 லட்சம் ரூபாய்க்கான அட்டை 1,500 ரூபாய்க்கு உதவாதா? வேலை இல்லாத மாதங்களில் அவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறார். (திண்டுக்கல் மாவட்ட வாசகி)

பதில்: கிளினிக்கில் சொன்னது சரிதான், அம்மா. ஆனால் அந்த மாத்திரை உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் காப்பீடு 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2012 ஜனவரியிலிருந்து அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்து வருகிறது. 2018இல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமும் இதனுடன் இணைக்கப்பட்டது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். பெயர் மாறியும் தொகை கூடியும் வந்தாலும் தொடக்கம் முதல் இதன் அமைப்பு ஒன்றுதான்: ஏழைக் குடும்பத்தால் தாங்க முடியாத பெரிய அறுவை சிகிச்சைகளுக்கும் மருத்துவமனையில் சேர்த்துச் செய்ய வேண்டிய சிகிச்சைகளுக்கும், இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகையை மருத்துவமனைக்கு நேரடியாகக் கொடுப்பது. வெளிநோயாளியாக வந்து மாத்திரை எழுதி வாங்கிப் போவது அந்தப் பட்டியலுக்குள் வருவதில்லை.

சர்க்கரை நோயாளிக்கு இந்த அட்டை எங்கெல்லாம் பயன்படுகிறது என்று பாருங்கள். கால் புண் அழுகி விரலையோ காலையோ எடுக்க வேண்டி வந்தால், சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்தால், இதயத்தில் அடைப்பு ஏற்பட்டால், விழித்திரைக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் இந்த அட்டை கை கொடுக்கும். இவை எல்லாமே பல வருடம் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் போனதன் கடைசிக் கட்டங்கள். அந்தக் கட்டத்துக்குப் போகாமல் காக்கும் மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் காப்பீட்டில் இடமில்லை என்பது இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய குறை என்றே நான் கருதுகிறேன். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அத்தனை பேருக்குமான தினசரி மருந்தை, படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் என்னும் முறையால் தாங்கிப் பிடிக்க முடியாது.

உங்கள் கணவர் கொத்தனார் என்று படித்ததும், நான் பணியில் இருந்த காலத்தில் பார்த்த ஒருவர் நினைவுக்கு வந்தார். அவரும் கட்டட வேலைக்காரர்தான். கான்கிரீட் கலவைக்குள் வெறுங்காலோடு நின்று வேலை பார்த்தவர். ஈரச் சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்புக் காரம் தோலை அரித்துவிடும். உணர்ச்சி உள்ள காலாக இருந்தால் எரிச்சல் தாங்காமல் உடனே கழுவியிருப்பார். பல வருடச் சர்க்கரையால் பாதம் மரத்துப் போயிருந்த அவருக்கு எதுவும் தெரியவில்லை. பெருவிரலுக்குக் கீழே தோல் வெந்து, நான்கு நாள் கழித்து நாற்றம் வந்த பிறகுதான் மனைவி கவனித்து அழைத்து வந்தார். சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்புக் கலையாமல் காப்பீட்டு அட்டை இருந்தது. ஏழு மாதமாக மாத்திரையை விட்டிருந்தார். "அதான் அட்டை இருக்கே சார், ஒண்ணுன்னா பாத்துக்கலாம்னு இருந்தேன்" என்றார். அட்டை சொன்ன சொல்லைக் காப்பாற்றியது: மூன்று விரல்களை எடுத்த அறுவை சிகிச்சைக்கு அவர் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. ஆனால் அதன் பிறகு அவரால் சாரத்தில் ஏற முடியவில்லை.

ஆகவே மாத்திரைக்கு நீங்கள் போக வேண்டிய இடம் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே காப்பீட்டு அட்டையோ வருமானச் சான்றிதழோ கேட்க மாட்டார்கள். தொற்றா நோய்ப் பிரிவில் கணவரின் பெயரைப் பதிந்து நோட்டுப் போடச் சொல்லுங்கள். இதுவரை பார்த்த மருத்துவச் சீட்டுகளையும் இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனால், அங்குள்ள மருத்துவர் அதற்கு இணையானதை எழுதித் தருவார். மெட்பார்மின், கிளிமிபிரைடு போன்ற அடிப்படை மாத்திரைகள் அங்கே கிடைக்கும். பெரும்பாலான நோயாளிகளுக்கு முதலில் தேவைப்படுபவை அவைதான்.

"அரசாங்க மாத்திரையில் பவர் இல்லை" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்குகிறது. வரும் மருந்துகளின் மாதிரிகளை ஆய்வகங்களுக்கு அனுப்பிச் சோதித்த பிறகே மருத்துவமனைகளுக்கு விடுகிறது; மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்ட ஏற்பாடு இது. மாத்திரை மாற்றியதும் சர்க்கரை ஏறியதாகச் சொல்பவர்களிடம் பொறுமையாக விசாரித்தால், இடையில் பத்து நாள் மாத்திரை இல்லாமல் இருந்தது பெரும்பாலும் தெரிய வரும். மருத்துவர் எழுதும் ஏதேனும் ஒரு மாத்திரை அங்கே இல்லையென்றால், மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலோ வாங்குங்கள். கம்பெனிப் பெயரில் விற்கும் அதே மருந்தைவிட விலை வெகுவாகக் குறையும்.

மாத்திரையைப் பாதியாக உடைப்பதை இன்றோடு நிறுத்திவிட வேண்டும். சில மாத்திரைகள் வயிற்றுக்குள் மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவை. உடைத்தால் அந்த ஏற்பாடே கெட்டுவிடும். அத்துடன் வருடத்துக்கு ஒரு முறையாவது கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு), பாதத்தின் உணர்ச்சி ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பாதத்தைப் பார்ப்பதற்குத் தூண்டில் நரம்பு போன்ற ஒரு மெல்லிய நைலான் இழை போதும். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இழை வளையும் வரை பாதத்தில் தொட்டு அழுத்துவார்கள். தொட்டது தெரியவில்லை என்றால், உங்கள் கணவர் அன்றிலிருந்து ரப்பர் பூட்ஸ் போடாமல் கலவையில் கால் வைக்கக் கூடாது. மாலையில் வீடு திரும்பியதும் இரண்டு பாதங்களையும் விரல் இடுக்கு உட்பட நீங்களே விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.

அட்டையைப் பத்திரமாகவே வைத்திருங்கள். அது தேவைப்படும் நாள் வந்தால், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டையில் அனுமதி வாங்கிய சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால், ரசீது கேளுங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லுங்கள்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். மாதம் 14,000 ரூபாய் சம்பளம். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று பிடிக்கிறார்கள். ஆனால் அங்கே கூட்டமாக இருக்கும் என்பதால் போனதில்லை. என்னோடு இருக்கும் அம்மாவுக்குச் சர்க்கரை. அவருக்கு அதில் மருந்து கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். உங்களைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் அதில் உரிமை உண்டு. முதல் கடிதம் எழுதிய சகோதரிக்குக் காப்பீட்டில் கிடைக்காத வெளிநோயாளி சிகிச்சையும் தினசரி மாத்திரையும் இ.எஸ்.ஐ.யில் கிடைக்கின்றன. இவ்வளவு நல்ல ஏற்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு தனியார் மருந்துக் கடையில் பணம் கொடுப்பவர்களை உங்கள் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் சம்பளத்திலிருந்து 0.75 சதவீதம், அதாவது மாதம் 105 ரூபாய் போகிறது. முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம், அதாவது 455 ரூபாய் கட்டுகிறார். உங்கள் பெயரில் மாதந்தோறும் 560 ரூபாய் சேர்கிறது என்ற கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் தயங்காமல் வரிசையில் நில்லுங்கள். உங்கள் காப்பீட்டு எண்ணின் கீழ் அம்மாவின் பெயர் குடும்பத்தினராகச் சேர்ந்திருக்கிறதா என்பதைக் கம்பெனி அலுவலகத்தில் கேட்டு, இல்லையென்றால் முதலில் சேர்த்துவிடுங்கள். சம்பளத்தில் பிடித்த தொகை உண்மையில் கட்டப்படுகிறதா என்பதையும் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எண்ணைச் சொல்லித் தெரிந்துகொள்ளலாம். இந்தத் திட்டத்துக்கான சம்பள உச்சவரம்பு மாதம் 21,000 ரூபாய்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 62. மாத்திரையில் கட்டுப்படவில்லை என்று அரசு மருத்துவமனையில் இன்சுலினுக்கு மாற்றிவிட்டார்கள். குப்பி இலவசமாகக் கிடைக்கிறது. ஊசியை வெளிக்கடையில் வாங்கினோம். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. பத்து நாளாகப் போட்டும் சர்க்கரை 300க்குக் கீழே வரவில்லை. இன்சுலின் போலியாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. (விழுப்புரம் மாவட்ட வாசகர்)

பதில்: கடையில் வாங்கிய ஊசியின் மூடி என்ன நிறம் என்பதை முதலில் பாருங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வந்த முதல் சந்தேகம் அதுதான்.

நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் வருகிறது. அரசு மருத்துவமனைகளில் தரும் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்டது. பேனா வடிவ ஊசிகளிலும் சில குப்பிகளிலும் உள்ளது ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் கொண்டது. 40க்கான ஊசிக்குச் சிவப்பு மூடி. 100க்கான ஊசிக்கு ஆரஞ்சு மூடி. உங்கள் தாயாருக்கு 20 யூனிட் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை உறிஞ்சினால் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை எப்படி இறங்கும்? நேர்மாறான தவறு இதைவிட ஆபத்தானது. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை எடுத்தால் 50 யூனிட் போய்விடும். சர்க்கரை அடியோடு தாழ்ந்து நினைவு தப்பிவிடலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். குப்பியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணும் ஊசியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தவறான ஊசிதான் காரணம் என்று தெரிந்தால், சரியான ஊசியை வாங்கியதும் நீங்களாகவே முழு அளவைத் தொடங்காமல், அன்றே மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனையோ கைகள் கடந்து வரும் இந்த மருந்தில், கடைசியில் ஒரு மூடியின் நிறத்தை யாரும் சொல்லித் தராமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. செவிலியரிடம் குப்பியையும் ஊசியையும் கொண்டுபோய்க் காட்டி, அவர் முன்னால் ஒரு முறை நீங்கள் உறிஞ்சிக் காட்டுங்கள்.

ஊசி சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் வெப்பம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானை நன்றாகவே உதவும். அகலமான ஒரு மண்சட்டியில் மணலைப் பரப்பித் தண்ணீர் தெளித்து, அதன் மேல் சிறிய மண்கலயம் ஒன்றை வைத்து, குப்பியைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, அந்தக் கலயத்துக்குள் வையுங்கள். கலயத்தின் வாயை ஈரத் துணியால் மூடிக் காற்றோட்டமான நிழலில் வைத்து, காலையிலும் மாலையிலும் மணலுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஓட்டு வீட்டிலும் தகர வீட்டிலும் பகலில் பரண் மேல் வைக்கவே கூடாது. அடுப்புப் பக்கமும் ஆகாது. திறந்த குப்பியை நான்கு வாரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். மருத்துவமனையில் இரண்டு மூன்று குப்பிகளைச் சேர்த்துக் கொடுத்தால், இப்போதைக்குத் தேவையில்லாததைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் கதவுப் பக்கம் வைக்கக் கேட்கலாம். உறைபெட்டியில் வைத்து உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது.

இன்சுலின் போடுபவர் சாப்பாட்டைத் தள்ளிப் போடக் கூடாது. திடீரென வியர்த்துக் கை நடுங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, கால் மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

கேள்வி: மதுரையில் ஆட்டோ ஓட்டுகிறேன். என் வருமானம் அரசுக் காப்பீட்டு வரம்பைச் சற்றுத் தாண்டுகிறது. தனியார் காப்பீடு எடுக்க நினைக்கிறேன். எனக்கு மூன்று வருடமாகச் சர்க்கரை உண்டு. படிவத்தில் அதை எழுத வேண்டாம், எழுதினால் பாலிசி கிடைக்காது என்று முகவர் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: கட்டாயம் எழுதுங்கள். படிவத்தில் "இல்லை" என்று எழுதிவிட்டு நாளை நீங்கள் மாரடைப்போடு மருத்துவமனையில் சேர்ந்தால், அங்கே எழுதும் முதல் வரியே "மூன்று வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்" என்றுதான் இருக்கும். அந்த ஒரு வரியை வைத்து நிறுவனம் பணம் தர மறுக்கும். அன்று முகவர் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்.

ஏற்கெனவே உள்ள நோயைச் சொன்னால், அதற்கான சிகிச்சைக்கு ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. முன்பு 48 மாதம் வரை இருந்த அதனை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 36 மாதமாகக் குறைத்துவிட்டது. அதே சமயத்தில், பாலிசியைத் தொடர்ந்து 60 மாதம் புதுப்பித்தவரிடம், மோசடி நிரூபணமானால் தவிர, நோயை மறைத்தார் என்று சொல்லி நிறுவனம் கைவிரிக்கக் கூடாது என்றும் விதி வந்தது. இந்த இரண்டாவது விதியைக் காட்டித்தான் சில முகவர்கள் மறைக்கச் சொல்கிறார்கள். ஐந்து வருடம் எதுவும் நேராது என்று யாரால் உறுதி தர முடியும்? தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருக்கிறது. இப்போது கேட்கும் தவணைத் தொகையில் அந்த வரி சேர்ந்திருந்தால் கேள்வி கேளுங்கள். காரணமின்றிப் பணம் மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, முப்பது நாளில் தீரவில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். சென்னையில் அதற்கு அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

தனியார் பாலிசியும் பொதுவாக மாத மாத்திரைக்குப் பணம் தராது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருமான வரம்பு இல்லை என்பதால், மாத்திரைக்கு நீங்களும் அங்கே போகலாம்.

கேள்வி: நாங்கள் இலங்கைத் தமிழர் முகாமில் வசிக்கிறோம். எங்களுக்கு முதலமைச்சர் காப்பீடு உண்டா? வருமானச் சான்று வாங்க முடியவில்லை.

பதில்: உண்டு. முகாமில் பதிவு பெற்று வசிப்பவர்களுக்கு இந்தத் திட்டத்தில் வருமான வரம்பே கிடையாது. ஆகவே வருமானச் சான்று இல்லை என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. முகாம் பதிவு ஆவணங்களோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு அட்டை மையத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள் என்றார்கள். ஆனால் நானும் மருமகளும் காலை ஏழு மணிக்கே நூறு நாள் வேலைக்குப் போய்விடுகிறோம். அந்தப் பெண் வரும்போது வீடு பூட்டியிருக்கிறது. இரண்டு மாதமாக மாத்திரை இல்லை. (கிருஷ்ணகிரி மாவட்ட வாசகி)

பதில்: உங்கள் மாவட்டத்தில், சாமனப்பள்ளி கிராமத்தில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டது. மருத்துவமனைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதற்காகவே ஏற்பட்ட திட்டம் இது. அது உங்கள் வீட்டுப் பூட்டின் முன்னால் வந்து நின்றுவிடுவது வருத்தமாக இருக்கிறது. வீடு தேடி வரும் தன்னார்வலர் பெரும்பாலும் உங்கள் ஊரைச் சேர்ந்த பெண்ணாகவே இருப்பார். மாலையிலோ, வேலை இல்லாத நாளிலோ வரச் சொல்லிக் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால், உங்கள் நோட்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்து, மாத்திரையை அங்கே தரும்படி அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். துணை சுகாதார நிலையச் செவிலியரிடமும் இதைத் தெரிவியுங்கள்.

ஆனால் இரண்டு மாதம் மாத்திரை இல்லாமல் இருந்துவிட்டதால், இந்த முறை வீட்டில் காத்திருக்க வேண்டாம். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, இந்த வாரமே வெறும் வயிற்றோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தத்தைப் பார்த்துவிடுங்கள். இடைவெளி விட்ட பிறகு பழைய அளவே போதுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். போகும்போது சாப்பாட்டைக் கட்டி எடுத்துச் செல்லுங்கள். முதல் ரத்தம் எடுத்ததும் சாப்பிட்டுவிட்டு, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாவது ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும்.